மிசௌரி, ஒஹையோ, வேலாம்பட்டினம்

ஏப்ரல் 7, 1885, செவ்வாய்

விட்கோம் துரைக்கு அவர் ஊரிலிருந்து தோல் அட்டை போட்ட நாட்குறிப்புப் புத்தகம் ஒன்று வந்தது. அதை அப்படியே என் பக்கம் தள்ளினார். "நீ எழுது ஞானாதிக்கம். எனக்கு நடக்கறது எல்லாம் நடந்து போச்சு" என்றார். துரையின் தமிழ் சமையற்காரரிடம் கற்றது. கலெக்டரே வந்தாலும் "வா, உக்காரு" என்றுதான் சொல்வார்.

ஆகவே எழுதுகிறேன். வேலாம்பட்டினம் துறையில் அமெரிக்காவின் வணிகத் தூதரான கான்சல் துரையின் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நான். கோட்டு உண்டு, தலைப்பாகை உண்டு, எனக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. இங்கிருந்து பதனிட்ட ஆட்டுத்தோல் பாஸ்டனுக்குப் போகிறது. துரை முத்திரை குத்தினால்தான் அங்கே இறக்க விடுவார்கள். கப்பல் வரும் வாரம் முத்திரை குத்துவோம். மற்ற நாட்களில் தலைக்கு மேல் துணி விசிறிப் பங்கா ஆடும், நாங்கள் இருவரும் தூங்குவோம். சும்மா சொல்லக்கூடாது, துரை அருமையாகத் தூங்குவார்.

தூக்கத்தில் அவருக்குப் பனி பெய்யும். கண் விழித்ததும், "வெளிய போய்ப் பாரு, பனி விழுதா?" என்பார். நான் வாசல்வரை போய், வெயிலில் வெந்துகொண்டிருக்கும் மணலைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் இல்லைங்க துரை" என்பேன். "சரி, மெதுவா விழட்டும்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். இதுவும் என் உத்தியோகத்தில் ஒரு பகுதி.

ஏப்ரல் 15, புதன்

அமெரிக்காவில் ஜனாதிபதி மாறிவிட்டாராம். மாறட்டுமே, எனக்கென்ன என்றுதான் முதலில் நினைத்தேன். துரை விளக்கிச் சொன்னார்.

துரைக்கு இந்த வேலை வந்த விதம் இது. அவர் ஊரில் தேர்தல் ஊர்வலம் நடந்தது. இவர் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். இவருடைய கட்சி ஜெயித்தது. பந்தம் பிடித்தவர்களுக்கெல்லாம் வேலை கொடுத்தார்கள். ஒருவருக்குத் தபால் ஆபீஸ், ஒருவருக்குச் சுங்கச்சாவடி, இவருக்கு வேலாம்பட்டினம். அன்றிலிருந்து அந்தக் கட்சியே ஜெயித்து வந்ததால் இவரை யாரும் அசைக்கவில்லை. இப்போது எதிர்க்கட்சி வந்துவிட்டது. அவர்களிடமும் பந்தம் பிடித்தவர்கள் இருப்பார்கள் அல்லவா?

"புதுத் துரை வருவான். புது ரைட்டர் வச்சுக்குவான்" என்றார், வானிலை சொல்வதுபோல.

என்ன அநியாயம்! எங்கோ தீப்பந்தம் எரிந்தால் இங்கே என் நாற்காலி ஏன் கருக வேண்டும்? எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்பது வேறு விஷயம். மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரி ஐயர் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு முன்னால் இருந்த ரைட்டரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

தூக்கம் வரவில்லை. அலுவலகத்தில்கூட.

மே 3, ஞாயிறு

நல்ல சேதி! ஞாயிறு பூசை முடிந்து கோயிலிலிருந்து நேரே துரை வீட்டுக்குப் போனேன். பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னே அவர்கள் ஜனாதிபதி ஒருவரை ஒருவன் சுட்டுவிட்டானாம். ஏன் சுட்டான்? கான்சல் வேலை கேட்டான், கிடைக்கவில்லை. ஆண்டவரே, இப்படியுமா? எனக்கு வேலை போனால் அழுவேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பேன். சுடுவதாவது! அந்தச் சாவுக்குப் பிறகு புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இனிமேல் கட்சி பார்த்து, முகம் பார்த்து வேலை கொடுக்கக் கூடாது. பரீட்சை வைக்க வேண்டும். தேறியவனுக்கு வேலை. ஜனாதிபதி மாறினாலும் அவனைத் தூக்கியெறிய முடியாது.

"இந்தச் சட்டம் நம்ம அலுவலகத்துக்கும் உண்டுங்களா துரை?"

துரை பத்திரிகையை மடித்து என் பக்கம் தள்ளினார். "இருக்கலாம்" என்றார்.

இருக்கலாம் என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பத்திரிகையில் பரீட்சைக் கேள்விகளே அச்சாகியிருந்தன. பின்னக் கணக்கு, கையெழுத்து, ஆறுகள், மாகாணங்கள். இன்றைக்கே தொடங்கிவிட்டேன்.

மே 10, ஞாயிறு

மிசௌரி, ஒஹையோ, டென்னசி, ஆர்கன்சா. முகம் மழிக்கும்போதும் இதுதான், செருப்புப் போடும்போதும் இதுதான். என் மனைவி தைரியம் மீன் செதிலைச் சீவிக்கொண்டே, "டென்னசிக்கு முன்னாடி என்னமோ ஒண்ணு விட்டுட்டீங்களே" என்கிறாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். அவள் பரீட்சை எழுதினால் எனக்கு முன்னே தேறிவிடுவாள், அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த ஆறுகளை நான் இப்போதெல்லாம் கனவில் பார்க்கிறேன். அகலமாக, சத்தமில்லாமல், அக்கரையே தெரியாமல் ஓடுகின்றன. கரையில் என் நாற்காலி போட்டிருக்கிறது. யாரும் என்னை எழுந்திரு என்று சொல்வதில்லை.

சாயங்காலம் தைரியத்தின் அண்ணன் அடைக்கலம் வந்திருந்தார். என் மச்சான் படகுத் தண்டல். பத்துத் துடுப்புக்காரர்களுக்குத் தலைவர். எங்கள் துறையில் கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நிற்கும். நடுவே அலை மூன்று வரிசையாக உடைகிறது. ஆணி அடித்த படகு அதில் நொறுங்கிப் போகும். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த எங்கள் படகுதான் வளைந்து கொடுத்துத் தாண்டும். ஆளோ மூட்டையோ, இறங்க வேண்டுமானால் மச்சான்மாரை விட்டால் வழியில்லை.

நான் கடலுக்குப் போவதில்லை. அலையைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

மச்சானோடு கிழவர் சந்தியாகுவும் இன்னும் சிலரும் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்கள். கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? அமெரிக்காவின் மேற்கே ரயில் கம்பெனிக்காரன் கூலியைக் குறைத்தான். தொழிலாளிகள் ஒரே நாளில் எஞ்சின் நெருப்பை அணைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்துகொண்டார்கள். ஊர்க்காரர்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைசியில் கம்பெனிக்காரன் இறங்கி வந்தான். நான் கைகளை ஆட்டி, எஞ்சின் மூச்சு அடங்குகிற சத்தமெல்லாம் போட்டுச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே தோன்றியது.

"நம்மகிட்ட எஞ்சின் இல்லையே. எதை அணைக்கறது?" என்றார் மச்சான்.

"தையலப் பிரிச்சுடலாம்ல" என்றார் சந்தியாகு.

எல்லாரும் சிரித்தோம். அப்புறம் அவர்கள் சிரிக்கவில்லை.

மே 24, ஞாயிறு

மச்சானுக்கு இந்த வாரமும் வேலையில்லை. விடியலில் படகுக் குத்தகைக்காரர் கோவிந்தப்ப நாயக்கர் மணலில் வந்து நிற்பார். தண்டல்கள் வரிசையாக நிற்பார்கள். அவர் யார் முகத்தைப் பார்த்துப் படகின் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் படகுக்குத்தான் அன்றைக்குச் சுமை. யார் வீட்டுப் பெண் நாயக்கர் வீட்டுக்கு முதல் மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தாளோ அந்தப் படகு. மற்றவர்கள் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

"முறை வச்சுக் கூப்பிடட்டும் மச்சான். இன்னைக்கு நீ, நாளைக்கு நானு. கோயில் திருவிழாவுல தேர் வடம் புடிக்க முறை இல்லியா? அதுமாதிரி. அதுக்கு மேல ஒரு சல்லி வேணாம்" என்றார் மச்சான்.

நான் சிறுவயதில் அந்த மணலில் நின்றதுண்டு, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு. அதை எழுத இந்தப் புத்தகம் எதற்கு? பின்னக் கணக்கு இன்னும் முடியவில்லை.

ஜூன் 18, வியாழன்

துரைக்குப் பதிலாக வேறொருவரை நியமித்தாகிவிட்டது. பெயர் டெல்பர்ட். வயது இருபத்தாறாம். கப்பல் ஆகஸ்டில் வரும்.

துரை முத்திரைக் கட்டையைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். பரீட்சை எப்போது என்று கேட்டேன். "அவன் கேப்பான்" என்றார். அதுவும் சரிதான். புதியவர் வந்து வைப்பார்.

ஜூலை 27, திங்கள்

படகுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

விடியலில் ஒவ்வொரு படகின் அடித்தையலையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். கயிறு மணல் முழுக்கக் கிடக்கிறது. வேறூர் ஆட்களைக் கொண்டுவந்தாலும் இனி யாரும் படகை எடுக்க முடியாது. மறுபடி தைக்க எல்லாரும் சேர்ந்தால்தான் ஆகும். ஒரே ஒரு படகை மட்டும் பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள். கப்பலில் யாருக்காவது உயிருக்கு ஆபத்தென்றால் எடுப்பதற்கு. அது மச்சானுடைய படகு. அதன் பெயரை எழுத வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குக் கட்டுமரத்தில் போய் மீன் பிடிக்கிறார்கள். நாயக்கர் சுமைக்கு மட்டும் கை வைப்பதில்லை.

யார் இவர்களுக்கு இந்த யோசனை சொன்னது என்று நாயக்கர் ஊரெல்லாம் விசாரிக்கிறாராம். எனக்கென்ன தெரியும்? நான் வெறும் கதைதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

கப்பல் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் டின்னும் டெல்பர்ட் துரையும் அதில் இருக்கிறார்கள். மூன்று பாய்மரம், பால் நிறம். அலைக்கு அப்பால் வெயில் புகையில் மிதந்துகொண்டிருக்கிறது. கரைக்கு வர வழியில்லை.

நானும் துரையும் பகலெல்லாம் ஜன்னலில் நின்று பார்த்தோம். ஒரு துரை இங்கே, ஒரு துரை அங்கே. இவர் இன்னும் கான்சல், அவர் இன்னும் கான்சல் இல்லை, கையோடு கை முத்திரை மாறினால்தான் மாறும். நடுவே கடல் ஒன்றும் தெரியாததுபோல் அசைகிறது. நேரமே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. இப்படியே நின்றுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அவனுக்கும் அங்க பயமா இருக்கும்" என்றார் துரை.

ஆகஸ்ட் 5, புதன்

கட்டுமரக்காரன் ஒருவன் ஓலைத் தொப்பிக்குள் கடிதம் வைத்துக் கொண்டுவந்தான். எங்கள் துறையில் எல்லாக் கப்பலுக்கும் கடிதம் அப்படித்தான் போகும், வரும். டெல்பர்ட் துரை எழுதியிருக்கிறார்: எவன் எனக்கு ஒரு படகு அனுப்பி வைக்கிறானோ அவனை மறக்கமாட்டேன். கட்டுமரத்தில் வரமாட்டேன். அது விறகுக்கட்டு.

மறக்கமாட்டேன் என்றால் என்ன? அதுதான் பரீட்சையோ?

ஆகஸ்ட் 6, வியாழன்

நாயக்கர் என் வீட்டுக்கு வந்தார். கூடையில் மாம்பழம். என் பிரம்பு நாற்காலிக்கு ஜோடியாக வீட்டில் ஒன்று இருக்கிறது, அதில் உட்கார்ந்தார்.

"ரைட்டர்வாள், ஒரே ஒரு படகு. உங்க மச்சான் எடுத்தா போதும். துரை எறங்கிடுவாரு. ஒண்ணு போனா மத்தவனெல்லாம் நாளைக்கே தைக்க உக்காந்துடுவான். உங்க வேலையும் நெலச்சுடும். ரெண்டு பேருக்கும் நல்லது."

"அவங்க முறைதானே கேக்கறாங்க?" என்றேன். வாயில் எப்படியோ வந்துவிட்டது.

"முறையா! யார் படகு நல்ல படகுன்னு பாக்க எனக்குக் கண்ணு இல்லியா? இதே மாதிரிதான் உங்க அப்பன் பாக்கியமும் பேசினாரு. எங்க அப்பாகிட்ட ஒரு மீனு, ஒரே ஒரு மீனு கொண்டாந்து குடுத்திருந்தா அவரு பேரையும் கூப்பிட்டிருப்பாரு. வீம்பு புடிச்ச மனுஷன். நீங்க அப்படி இல்ல, படிச்சவரு."

அவர் போன பிறகு தைரியம் மாம்பழக் கூடையை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு மாட்டுக்குக் கொட்டிவிட்டு வந்தாள். மல்கோவா வேறு.

சரி, எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதுகிறேன். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது என் அப்பாவோடு. எங்கள் படகுக்கு அவர் பெயர்தான். பாக்கியம் படகு. ஒவ்வொரு விடியலும் நாயக்கரின் அப்பா வரிசையாக முகம் பார்த்து வருவார், எங்களிடம் வரும்போது கடலைப் பார்ப்பார். அப்பா கை என் கையை இறுக்கும். வலிக்கும். அவர் சாகும்வரை அந்தப் பெயரை அந்த மணலில் ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு படகு மச்சான் வீட்டுக்குப் போனது, நான் மிஷன் பள்ளிக்குப் போனேன். வருஷா வருஷம் கயிறு மாறும், பலகை அதேதான். பெயரும் மாறவில்லை.

எனக்கு அலையைப் பார்த்தால் தலை சுற்றுவதில்லை. மணலைப் பார்த்தால்தான்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மச்சான் சாப்பிட வந்தார். நான் கூப்பிட்டுத்தான் வந்தார். எதற்கென்று அவருக்குத் தெரியும்.

"நாயக்கரு வந்தாராமே" என்றார். "இத பாரு மச்சான். நீ வாயத் தொறந்து கேட்டா நான் படக எடுக்கறேன். என் தங்கச்சி வீட்டு அடுப்பு அணையக் கூடாது. ஊரு என்னைக் காறித் துப்பட்டும், பரவால்ல. ஆனா நீ கேக்கணும். உன் வாயால கேக்கணும்."

சங்கரா மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல். நான் இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டேன். மச்சான் கை கழுவி, வெற்றிலை போட்டு, புறப்பட்டுப் போகும்வரை நான் பேசவில்லை. தொண்டையில் முள் மாட்டியிருந்தது.

"முள்ளா?" என்று கேட்டாள் தைரியம்.

"முள்தான்" என்றேன்.

அவள் ஒரு உருண்டை வெறுஞ்சோறு உருட்டித் தந்தாள். விழுங்கினேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கை காய வேண்டியிருந்தது, கோட்டும்.

பரீட்சையைப் பற்றிப் புதுத் துரையிடம் நானே கேட்டுவிடலாம் என்று நேற்று விடியலில் கட்டுமரத்தில் கப்பலுக்குப் போனேன். நான்தான். கோட்டு, தலைப்பாகையோடு. சந்தியாகு கிழவர் பின்னால் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டார். "புடிச்சுக்கய்யா, பாக்கியம் மவனே" என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. முதல் அலையில் தலைப்பாகை போயிற்று. இரண்டாவதில் கண், மூக்கு எல்லாம் உப்பு. மூன்றாவது அலைக்கு மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று உடம்புக்குத் தானாகவே தெரிந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஒரே அமைதி. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. கட்டைகளுக்கிடையே கடல் ஏறி என் மடியில் படுத்துவிட்டு இறங்கிப் போனது. கனவில் பார்த்த ஆறு இதுதானோ என்று இருந்தது.

டெல்பர்ட் துரை சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறார். மூக்குத் தோல் உரிந்து, கண் குழிந்து, வாந்தி எடுத்து எடுத்துக் காய்ந்துபோயிருந்தார். பக்கத்தில் இன்னொருவர். "என் அத்தை மகன். அலுவலகத்து ரைட்டர்" என்றார்.

"ரைட்டர் நான்தானே?" என்றேன். நனைந்த பூனைபோல் நின்றுகொண்டு நான் இங்கிலீஷில் பேசியது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை, பாவம். கேட்டதற்குப் பதில் சொன்னார். அவர் ஊரில் இந்த வேலைக்குப் பலபேர் அடித்துக்கொண்டார்களாம், வேலாம்பட்டினம் எந்தக் கடலில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாதாம். அத்தை மகனுக்கு வேலை தருகிறேன் என்று சொல்லித்தான் அத்தை வீட்டாரின் ஆதரவைச் சேர்த்தாராம்.

"பரீட்சைச் சட்டம் என்ன ஆயிற்று?"

"அதுவா? பெரிய அலுவலகங்களில் சில வேலைகளுக்குத்தான். கான்சலுக்கே இல்லை. கான்சலின் ரைட்டருக்கு எங்கே?"

அவ்வளவுதான். மிசௌரியும் ஒஹையோவும் என் மண்டைக்குள்ளேயே வற்றிப்போயின.

"படகு கொண்டுவந்தாயா?" என்று கேட்டார்.

"படகு வராதுங்க. முறை கிடைக்கிறவரை வராது. கட்டுமரம் இருக்கிறது. நனைவீர்கள், ஆனால் சாகமாட்டீர்கள்."

அவரை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனத்தில் அந்த எண்ணம் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் குடிக்கிற தண்ணீர் வயிற்றில் நிற்காத ஒரு மனுஷனைக் கடலில் விட்டுவிட்டு வருகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அத்தை மகன், படகு வரும்வரை கப்பலிலேயே இருக்கிறேன் என்றுவிட்டார். நான் முன்னால், அவர் நடுவில். மூன்றாவது அலைக்கு முன் அவர் மூக்கை நானே பிடித்தேன். கரைக்கு வந்தபோது தொப்பி இல்லை, ஒரு பூட்ஸ் இல்லை. மணலில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். படகுக்காரர்கள் கைதட்டினார்கள். தூரத்தில் நாயக்கர் குடையை மடக்கினார்.

விட்கோம் துரை முத்திரைக் கட்டையை டெல்பர்ட் துரையின் ஈரக்கையில் வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமாங்க துரை? அந்தச் சட்டம் எனக்கில்லை என்று?"

"தெரியும்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"நீ படிச்சப்போ சந்தோஷமா இருந்தே. நான் பாத்துட்டு இருந்தேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அடங்காத கோபம். அடுத்த நொடி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன்.

ஆகஸ்ட் 12, புதன்

அந்நிய நாட்டு அதிகாரியைக் கடலில் தவிக்க விட்டார்கள் என்று படகுக்காரர்களைப் பிடித்துக் கொடுக்கலாமென்று நாயக்கர் காத்திருந்தாராம். அதிகாரியோ கரையேறி, கான்சல் நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். மண்ணெண்ணெய் வியாபாரிகள் நாயக்கர் வாசலில் போய்க் கத்துகிறார்கள். கப்பல் தலைவர், சரக்கோடு அடுத்த துறைக்குப் போய்விடுவேன் என்று கொடி காட்டிவிட்டார்.

சாயங்காலம் நாயக்கர் ஒத்துக்கொண்டார். இனி முறைதான்.

நான் வீட்டில் இருக்கிறேன். காய்ந்த கோட்டு கொடியிலேயே தொங்குகிறது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

முறையை யார் கூப்பிடுவது என்று தகராறு. நாயக்கர் கூப்பிட்டால் படகுக்காரர்கள் நம்பமாட்டார்கள். படகுக்காரர்களில் ஒருவர் கூப்பிட்டால் நாயக்கர் நம்பமாட்டார். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் நாயக்கர். எங்காளாக இருக்க வேண்டும் என்றார்கள் இவர்கள். எல்லாரும் என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்களாம்.

மச்சான் வந்து கூப்பிட்டார். போனேன். மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

"மச்சான்னு சும்மா குடுத்தா நாயக்கருக்கும் நமக்கும் என்னா வித்தியாசம்?" என்றார் அடைக்கலம். "பரீச்சை வைக்கறோம். நிக்கறியா?"

"நிற்கிறேன்" என்றேன்.

சந்தியாகு முதலில் கேட்டார்: "கடல் கொந்தளிச்சு ஒரு நாள் ஒருத்தரும் போவல. அன்னைக்கு முறைக்காரன் முறை போச்சா, நின்னுச்சா?"

"நின்றது. கடல் செய்ததுக்கு அவன் என்ன பண்ணுவான்? மறுநாள் அவனுக்குத்தான்."

"நாயக்கரு விருந்து வச்சுக் கூப்பிட்டாரு. போவியா?" என்றார் இன்னொருவர்.

"போவேன். நன்றாகச் சாப்பிடுவேன். காலையில் முறை மாறாது."

சிரித்தார்கள். நாயக்கர்கூட மீசைக்குள் சிரித்தார்.

மச்சான் எழுந்து நின்றார். "எனக்கு நாலாவது முறை. என் தங்கச்சி, அதான் உன் பொண்டாட்டி, எங்கண்ணன மொதல்ல கூப்பிடுங்கன்னு அழுவுறா. என்னா பண்ணுவே?"

நான் பதில் சொல்வதற்குள் பெண்கள் கூட்டத்திலிருந்து தைரியத்தின் குரல் வந்தது: "நான் ஏன் கேக்கப் போறேன்? அழுவவும் மாட்டேன்!"

"நாலாவதுதான்" என்றேன்.

தேறிவிட்டேன். என் வாழ்நாளில் யாரும் சிபாரிசு செய்யாமல் எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. கூலி குறைவு, நாற்காலி கிடையாது, நின்றுகொண்டே பார்க்க வேண்டும்.

"ஆறுங்க பேரு ஒண்ணும் கேக்கலியே?" என்றாள் தைரியம் வழியில். அவளே கேட்டாள். அவளிடம் ஒப்பித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஒன்றை விட்டுவிட்டேன், திருத்தினாள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

படகுகளெல்லாம் தைத்தாகிவிட்டன. இன்று முதல் முறை.

விட்கோம் துரை இந்தக் கப்பலிலேயே ஊருக்குப் போகிறார். விடியலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். எந்தப் படகில் ஏறுவது என்று கேட்டார். "முதல் மூன்று படகும் சரக்குக்கு. நாலாவதில் ஏறுங்க. முறைப்படி எது வருகிறதோ அது" என்றேன். "நல்லது" என்று தலையாட்டினார். அலை மூன்று வரிசையாக வெள்ளையாக உடைந்து, நுரை காற்றில் பறந்து எங்கள் மேல் விழுந்தது. அவர் கையை நீட்டிப் பிடித்தார்.

"ஞானாதிக்கம், பாரு."

நான் பார்த்தேன். "விழுதுங்க துரை" என்றேன்.

தண்டல்கள் வரிசையாக நின்றார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதல் படகைக் கூப்பிட்டேன், போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. அடுத்தது நாலாவது, மச்சானுடைய படகு. மச்சான் என்னையே பார்த்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். என் கை தானாக மூடிக்கொண்டது, உள்ளே இன்னொரு கை இருப்பதுபோல், வலிக்கிற அளவுக்கு. அழுகையை விழுங்கிவிட்டு, அலைக்கும் மேலே கேட்கும்படி கூப்பிட்டேன்.

"பாக்கியம்!"